மழையில்தான் போக வேண்டும்

நண்பர்கள் நாலு பேர் காரெடுத்துக் கங்கைகொண்ட சோழபுரம் கிளம்பினால், வீட்டில் முதலில் வரும் கேள்வி “இந்த மழையிலா?” என்பதாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையைவிட நல்ல காலம் அந்த ஊருக்கு இல்லை என்பேன். கங்கை வரை படை அனுப்பிய முதலாம் இராசேந்திரன் தன் வெற்றிக்கு அடையாளமாக ஓர் ஏரியை வெட்டினான். தண்ணீரால் ஆன வெற்றித் தூண் என்றே திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. அந்தச் சோழகங்கம்தான் இன்றைய பொன்னேரி. கோடையில் போகிறவர் கண்ணுக்கு அது வெறும் நீளமான மேடு. தண்ணீர் ஏறி நிற்கும்போதுதான் அவ்வளவு பெரிய கரை எதற்கென்று புரியும். கும்பகோணத்திலிருந்து வருகிறவர்கள் கொள்ளிடத்தைக் கடக்கும் அணைக்கரையும் இந்தக் கதையில் சேர்ந்ததே. 1836-இல் அங்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துச் சிவன் கோயிலின் மதிற்கற்களைத்தான் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வெள்ளம் மதகுகளில் சுழித்து இறங்கும் நாளில் அந்தக் கற்களை நினைத்துக்கொண்டு கடப்பது தனி அனுபவம். பெருங்கூட்டம் கூடும் அன்னாபிஷேகமும் ஐப்பசிப் பௌர்ணமியில்தான் வருகிறது. மூட்டை மூட்டையாக அரிசி வடித்து, 13 அடிக்கு மேல் உயர்ந்த லிங்கத்தை மூடுகிறார்கள். குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் ஊர்க்காரர் யாரும் மழையைக் குறையாகச் சொல்வதில்லை.

மேற்கே அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போனால் மழையின் வேலை இன்னும் பழையது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. காரை, குளக்காநத்தம் பக்கத்துக் களிமண்ணை ஆண்டுதோறும் மழை அறுத்துக்கொண்டே போவதால்தான், உள்ளே புதைந்த கடலுயிர்களின் ஓடுகள் வெளியே தலைகாட்டுகின்றன. சாத்தனூரில் 1940-இல் கண்டறியப்பட்ட கல்மரம் சுமார் 18 மீட்டர் நீளம். அதுவும் அந்தக் கடலடி வண்டலில் புதைந்து கல்லானதே.

ஆபத்து இல்லையா? இருக்கிறது. 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் அரித்திருந்த பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து சுமார் 150 பேர் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியையே விட்டு விலகினார். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் சாலையில் சேறு இழுத்துவிடுவதும் உண்மை. ஆனால் இவை பயணத்தையே கைவிடச் சொல்லும் காரணங்கள் ஆகா. இருட்டில் ஓட்டாதே, தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் வண்டியை இறக்காதே என்று சொல்லும் காரணங்கள். கோயிலும் ஏரியும் தார்ச்சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. நனைந்த களிமண் செருப்போடு காலையும் பிடித்து இழுக்கும் காரை ஓடைகளை மட்டும் தை மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். அப்போது கரைவெட்டி ஏரிக்கு வரித்தலை வாத்துகளும் வந்திருக்கும்.