பழைய மோட்டார்களின் சுவாசம்

மோட்டார் வண்டி பெட்ரோலால் ஓடுகிறது என்று சொல்லுவது வழக்கம். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து முடிவதற்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டியிருக்கிறது என்பதை நாம் அதிகமாக நினைப்பதில்லை. எடைக் கணக்கில், பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று பதினைந்து பங்குக்குச் சற்றுக் குறைவு. இந்த விகிதத்தைக் காப்பதே கார்புரேட்டரின் தொழில். அகராதிகளில் இதற்குத் தமிழ்ப் பெயர்கள் உண்டு. மொழிபெயர்ப்பையே ஜீவனமாகக் கொண்ட நானும் அவற்றை எழுதியதுண்டு. ஆயினும் பட்டறையில் கார்புரேட்டர் என்று சொன்னால்தான் காரியம் நடக்கும்.

டில்லியில் 1964-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பழைய கார்ப் பேரணி போன்றவற்றுக்குச் சென்று, மூடி திறந்த என்ஜின்களை எட்டிப் பார்த்தால், இருவகைக் கார்புரேட்டர்கள் கண்ணில் படும். ஸோலெக்ஸ், ஜெனித் முதலியவை ஒரு வகை. இவற்றில் காற்று நுழையும் கழுத்தின் அளவு மாறுவதில்லை. கழுத்துக் குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது; அக்குறைவே பெட்ரோலை உறிஞ்சுகிறது. நின்ற நிலையில் ஓடுவதற்கு ஒரு துளை, வேகத்துக்கு மற்றொரு துளை. பம்பாயில் உருவான பிரீமியர் பத்மினியில் இருந்தது ஸோலெக்ஸ்.

மற்றொரு வகையான எஸ்.யு.வின் வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் காலணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் 1905-ஆம் ஆண்டை ஒட்டி இதனை உருவாக்கினார்கள். காற்றின் அளவுக்கேற்ப ஏறி இறங்கும் பாகத்துக்கு அவர்கள் முதலில் உபயோகித்தது தோல் துருத்தி! கொல்லன் உலைத் துருத்தி காற்றை ஊதும். இதுவோ காற்றின் இழுப்புக்குத் தான் அசைந்து கொடுத்தது. பின்னர் துருத்தியின் இடத்தில் உலோகப் பிஸ்டன் வந்தது. பிஸ்டன் எழும்பினால் காற்றின் வழி அகலும். அதன் அடியில் தொங்கும், நுனி சிறுத்த ஊசியும் கூடவே எழும்பிப் பெட்ரோலுக்கு வழி விடும். 1926-இல் வில்லியம் மாரிஸ் இந்தக் கம்பெனியை வாங்கினார். ஆகவே மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாஸடரின் பழைய வண்டிகள் பலவற்றுக்கும் எஸ்.யு. வாய்த்தது.

பழைய கார் வைத்திருப்போர் பலருக்கு ஓர் ஆசை உண்டு. கறுத்துக் கனத்த காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, எக்காளத்தின் வாய் போன்ற குழாயையோ பளபளக்கும் தட்டை வடிகட்டியையோ மாட்ட வேண்டும் என்பது. இரைச்சல் கம்பீரமாகிறது என்பது மெய்தான். ஆனால் தொழிற்சாலையில் ஊசியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த வடிகட்டியின் தடையையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறார்கள். தடை நீங்கினால் பெட்ரோலின் மேலுள்ள இழுப்பும் குறையும், கலவை மெலியும், என்ஜின் சுடும், நாளடைவில் வால்வும் கருகலாம். காற்று வழியை மாற்றுகிறவர் ஊசியையும் மாற்றியாக வேண்டும். வடிகட்டியே இல்லாமல் ஓட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோடையில் ஆந்தி கிளப்பும் புழுதி, ஸிலிண்டரை உப்புத்தாளைப் போல் அராவித் தீர்த்துவிடும்.

கரோல்பாகில் குடியிருந்த நண்பர் ஒருவர் தம் பழைய அம்பாஸடருக்குப் புது வடிகட்டி மாட்டிக்கொண்டு வந்தார். அன்று முதல் வண்டி மேம்பாலம் ஏற மறுத்தது. இரண்டு பட்டறைகளில் பணம் செலவழித்தும் பயனில்லை. கடைசியாக ஒரு முதிய சர்தார்ஜி மேஸ்திரி வடிகட்டியைக் கழற்றி, இடையிலிருந்த காஸ்கெட்டைக் காட்டினார். எஸ்.யு.வின் முகப்பில் சிறு காற்றுத் துளைகள் உண்டு. பிஸ்டனின் அடிப்புறத்துக்கு வெளிக்காற்றின் அழுத்தம் செல்வது அவற்றின் வழியாகத்தான். யாரோ காஸ்கெட்டைத் தலைகீழாக வைத்து அவற்றை அடைத்துவிட்டார்கள். பிஸ்டன் எழும்பவே இல்லை!

கலவையைச் சோதிக்க அந்த மேஸ்திரி காட்டிய முறையையும் சொல்லுகிறேன். என்ஜின் சூடேறி, நின்ற நிலையில் ஓடும்போது, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். வேகம் சிறிது கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. கூடிய வேகம் அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் போதவில்லை.

இப்பொழுது இந்தச் சோதனைக்கு இன்னுமொரு காரணம் சேர்ந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் பரவிய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். எத்தனாலிலேயே பிராணவாயு அடங்கியிருப்பதால், அதே ஊசி, அதே துளை தரும் கலவை முன்னைவிட மெலிகிறது. புதிய வண்டிகளின் மின்னணுக் கருவி அதை அறிந்து தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. வடிகட்டியையும் கழற்றியவர் வண்டியில் மெலிவு இரட்டிப்பாகும். எத்தனால் பழைய ரப்பரையும் கெடுக்குமாதலால், அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது பெட்ரோல் குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலும் வெடிப்பு விட்டிருந்தாலும் முதலில் மாற்ற வேண்டியது அதுதான். எக்காளக் குழாய் பிறகு ஆகட்டும்.