ஏற்றத்தில் கார் கிளப்புதல்

ஏற்றத்தில் கார் கிளப்புதல் என்பது, மேடான சாலையில் நின்றுவிட்ட கியர் காரைப் பின்னால் உருளவிடாமலும் இன்ஜின் அணைந்துவிடாமலும் மீண்டும் முன்னோக்கி நகர்த்தும் முறையாகும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் இதை 'மேட்டில் எடுப்பது' என்றும் கூறுவர். புதிதாகக் கார் பழகுவோர் அதிகம் அஞ்சும் பாடங்களில் இதுவும் ஒன்று. பின்னால் ஓர் இருசக்கர வாகனம் ஒட்டி நின்றால், சிறிய தவறும் ஒருவருக்குக் காயத்தை உண்டாக்கக்கூடும். எனவே ஒவ்வொரு ஓட்டுநரும் இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

சமவெளியில் ஏற்றம்

குமணன்சாவடி, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகள் பெரும்பாலும் சமதளமானவை. இங்குள்ள தெருக்களில் மாதக்கணக்கில் ஓட்டினாலும் மேட்டில் வண்டியை எடுக்கும் தேவை வராமல் போகலாம். ஆனால் மதுரவாயல் புறவழிச்சாலைச் சந்திப்பு, பாடி மேம்பாலம், கத்திபாரா மேம்பாலம், ரயில் பாதைகளுக்கு மேல் செல்லும் பாலங்கள் ஆகியவற்றின் ஏறுமுகத்தில் நெரிசலால் வண்டிகள் நிற்கும்போது அந்தத் தேவை திடீரென்று வருகிறது. மலைப்பாதையையே பார்த்திராத ஓட்டுநரும் முதல் ஏற்றத்தை மேம்பாலத்தின் நடுவே, முன்னும் பின்னும் வண்டிகள் சூழச் சந்திக்கிறார்.

சமவெளிச் சாலைகளுக்கு 30-க்கு 1 என்ற சரிவை வழக்கமான அளவாகவும், 20-க்கு 1 என்பதை வரம்பாகவும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்துள்ளது. 20-க்கு 1 என்றால், 20 மீட்டர் தூரம் செல்வதற்குள் சாலை 1 மீட்டர் உயர்கிறது என்று பொருள். கண்ணுக்கு இது பெரிய மேடாகத் தெரியாது.

வண்டி ஏன் பின்னால் உருளுகிறது?

1,000 கிலோ எடையுள்ள கார் 20-க்கு 1 சரிவில் நிற்கும்போது, சுமார் 50 கிலோ எடைக்கு நிகரான விசை அதைப் பின்னோக்கி இழுக்கிறது. நிற்கும் வரை அந்த விசையைப் பிரேக் தாங்குகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டருக்குக் கொண்டு செல்லும் இடைவெளியில் அதைத் தாங்க எதுவும் இல்லை.

உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், இச்சரிவில் கார் முதல் ஒரு நொடியில் ஏறத்தாழ 25 செ.மீ. பின்னால் உருளும். இரண்டு நொடி ஆகிவிட்டால் அது சுமார் 1 மீட்டர். நேரம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகிறது. நெரிசலில் பின்வண்டி அவ்வளவு தூரத்திற்குள்தான் நிற்கும்.

இதற்குத் தீர்வு காலை வேகமாக மாற்றுவது என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. இன்ஜின் பாரத்தை ஏற்ற பிறகே பிரேக்கை விடுவது என்பதே சரியான முறை. மற்ற நுணுக்கங்கள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருபவையே.

கிளட்சின் பங்கு

இன்ஜினோடு சுழலும் ஃபிளைவீலுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே கிளட்ச் தட்டு உள்ளது. மிதியை முழுமையாக அழுத்தினால் இரண்டும் பிரிந்திருக்கும். மெல்ல விடும்போது ஓரிடத்தில் தட்டு உரசிப் பிடிக்கத் தொடங்கும். இதுவே 'பைட்டிங் பாயிண்ட்' எனப்படும் பிடிநிலை. இதை மூன்று அறிகுறிகளால் அறியலாம்: இன்ஜினின் சத்தம் சற்றுத் தாழும், வண்டியில் மெல்லிய அதிர்வு தோன்றும், பல கார்களில் பானட் இலேசாக மேலெழும். இந்நிலை காருக்குக் கார் மாறுபடும். ஆகையால் புதிய காரில் ஏறியவுடன் சமதளத்தில் ஓரிரு முறை அதைக் கண்டறிந்துகொள்வது நல்லது.

கைப்பிரேக் முறை

கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என மிதிகள் மூன்று. ஓட்டுநருக்குக் கால்களோ இரண்டு. குறைபடும் மூன்றாவது காலின் வேலையைக் கைப்பிரேக் செய்கிறது. கற்போருக்குப் பாதுகாப்பான முறை இதுவே.

1. கால்பிரேக்கால் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை முழுமையாக இழுக்க வேண்டும்.
2. கிளட்சை முழுமையாக அழுத்தி முதல் கியரைப் போட வேண்டும்.
3. முன்னும் பின்னும் கண்ணாடிகளிலும் பார்க்க வேண்டும்.
4. வலது காலை ஆக்சிலரேட்டருக்கு மாற்றிச் சமதளத்தில் கொடுப்பதைவிடச் சற்று அதிகமாகக் கொடுக்க வேண்டும்.
5. கிளட்சைப் பிடிநிலை வரை மெல்ல விட்டு, இடது காலை அங்கேயே அசையாமல் வைக்க வேண்டும்.
6. வண்டி முன்னே இழுப்பதை உணர்ந்த பின் கைப்பிரேக்கை விட வேண்டும்.
7. வண்டி நகரத் தொடங்கியதும் கிளட்சைப் படிப்படியாக முழுமையாக விட வேண்டும்.

ஆறாவது படியில் வண்டி பின்னால் சாய்ந்தால், பிடிநிலை இன்னும் வரவில்லை என்று பொருள். உடனே கால்பிரேக்கை அழுத்தி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கால்பிரேக் முறை

பழகிய ஓட்டுநர்கள் சிறிய மேடுகளில் கைப்பிரேக்கைப் பயன்படுத்துவதில்லை. பிரேக்கை அழுத்தியபடியே கிளட்சைப் பிடிநிலைக்குக் கொண்டுவந்து, பின்னர் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரை அழுத்துவர். குறைந்த சுழற்சியிலேயே அதிக இழுவை தரும் டீசல் கார்களில் இது எளிது. சிறிய பெட்ரோல் கார்களில், ஆட்கள் நிறைந்திருந்தாலும் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தாலும் இன்ஜின் அணைந்துவிட வாய்ப்புண்டு.

வழக்கமான பிழைகள்

பதற்றத்தில் கிளட்சைச் சட்டென்று விடுவதே முதல் பிழை. இன்ஜின் உடனே அணைந்துவிடும். அப்போது கால்பிரேக்கை அழுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, நியூட்ரலுக்கு வந்து மீண்டும் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்ஜின் அணைந்த நிலையில் பிரேக்கைப் பலமுறை மிதித்தால் மிதி இறுகிவிடும். எனவே விடாமல் ஒரே அழுத்தாக அழுத்துவது நல்லது.

நெரிசலில் பிரேக்கைத் தொடாமல் கிளட்சையும் ஆக்சிலரேட்டரையும் கொண்டே வண்டியை மேட்டில் நிறுத்தி வைப்பது இரண்டாவது பிழை. தட்டு இடைவிடாமல் உரசிச் சூடேறிக் கருகிய நாற்றம் வரும். கிளட்ச் விரைவில் தேயும்.

முன்வண்டியை ஒட்டி நிற்பது மூன்றாவது. அதன் பின்சக்கரங்கள் சாலையைத் தொடும் இடம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்காவது இடைவெளி விட வேண்டும். முன்னால் இருப்பவரும் கற்பவராக இருக்கலாம்.

பயிற்சி பெறுதல்

மேம்பாலத்தில் பயிற்சிக்காக வண்டியை நிறுத்துவது ஆபத்தானது. முதலில் சமதளத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் கொண்டு வண்டியை நகர்த்திப் பழக வேண்டும். அது கைவந்த பின் போக்குவரத்து இல்லாத சரிவுக்குச் செல்லலாம். பின்சக்கரத்திற்கு ஒரு முழம் பின்னால் வெற்று அட்டைப்பெட்டி ஒன்றை வைத்து, அது நசுங்காமல் எடுக்கப் பழகலாம். பழகுநர் உரிமம் பெற்றவருடன், ஓட்டுநர் உரிமம் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய வகையில் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் 'எல்' பலகை இருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளிக் கார்களில் பயிற்றுநர் பக்கமும் மிதிகள் இருப்பதால், முதல் முயற்சிகளுக்கு அவையே ஏற்றவை.

சட்டமும் தேர்வும்

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி ஓட்டுநர் தேர்வைப் பற்றியது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, சற்றும் பின்னால் உருளாமல் மீண்டும் கிளப்பும் திறனை அது எதிர்பார்க்கிறது. கைப்பிரேக் முறை, கால்பிரேக் முறை இரண்டையும் அவ்விதி ஏற்கிறது. மலேசியாவில் மேட்டில் குறித்த கோட்டில் நிறுத்தி எடுப்பது நீண்ட காலமாகத் தேர்வின் அறியப்பட்ட பகுதியாகும். சிங்கப்பூரிலும் பயிற்சி மையங்களில் இதற்கெனச் செயற்கை மேடு உண்டு. சமதளத்தில் மட்டும் ஓட்டிப் பழகியவர், உரிமம் கையில் இருந்தாலும், இப்பாடத்தைத் தனியாகக் கற்றுக்கொள்வது அவசியம்.

கொல்லிமலையின் 70 கொண்டைஊசி வளைவுகளும் ஏற்காட்டுப் பாதையின் 20 வளைவுகளும் இத்திறனை மீண்டும் மீண்டும் சோதிப்பவை. குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதிக்கும் இதுவே அடிப்படை: ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் எடுப்பது கடினம்.

உதவிக் கருவிகள்

பிரேக் மிதியை விட்ட பின்னும் வண்டியைப் பிடித்து வைக்கும் கருவி, அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் கார்களில் 1936-இலேயே வந்துவிட்டது. இன்றைய கார்களில் உள்ள 'ஹில் ஹோல்ட்' வசதி, பிரேக்கின் அழுத்தத்தைச் சுமார் இரண்டு நொடி தக்கவைக்கிறது. அதன் பிறகு வண்டி உருளும். இந்த வசதி இல்லாத ஏ.எம்.டி. வகை ஆட்டோமேட்டிக் கார்களும் மேட்டில் பின்னால் உருளக்கூடும். ஆகவே கருவி இருந்தாலும், கைப்பிரேக் முறையை அறிந்திருப்பதே ஓட்டுநருக்கும் பின்னால் நிற்பவருக்கும் பாதுகாப்பு.