தண்ணி கேட்டான், குடுத்தன்

எங்கள் ஊர்ப் பாதுகாவலர் யாகப்பர் கோபக்காரர். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து வளர்ந்த எனக்கே இது ஐம்பது வயதுக்குப் பிறகுதான் உறைத்தது. ஒவ்வொரு யூலை 25ஆம் திகதியும் திருநாள் கொண்டாடுகிறோம். அவரும் எங்களைப் போலக் கடற்றொழிலாளி. கலிலேயாக் கடற்கரையில் தகப்பன் செபதேயுவின் வள்ளத்திலிருந்து வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தவரைத்தான் இயேசு கூப்பிட்டார். அதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை.

லூக்கா நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் வருவதைப் பற்றி ஊரில் அதிகம் பேச்சில்லை. சமாரியர் ஊரொன்று இயேசுவை உள்ளே விடவில்லை. யூதருக்கும் சமாரியருக்கும் பரம்பரைப் பகை. யாகப்பரும் தம்பி அருளப்பரும், வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்து இவர்களை அழிக்கட்டுமா என்று கேட்கிறார்கள். இயேசு இருவரையும் கண்டித்துவிட்டு வேறு ஊருக்கு நடக்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே அவர் சொல்லும் உவமையில் நல்லவனாக வருகிறவன் யார்? ஒரு சமாரியன். கள்ளரிடம் அடிபட்டுத் தெருவில் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டும் விலகிப் போக, இவன்தான் காயத்தைக் கட்டிச் சத்திரத்தில் சேர்த்து, இரண்டு தெனாரியம் எண்ணிக் கொடுக்கிறான். மிச்சச் செலவைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். கடற்றொழில் வீட்டில் பிறந்தவளுக்குக் காசுக் கணக்குத்தான் முதலில் கண்ணில் படும். அடிபட்டவனைக் கண்டு அவன் மனம் இரங்கியதை லூக்கா ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார். எண்ணெய், திராட்சை இரசம், கட்டுத்துணி, காசு என்று செய்ததைத்தான் விரித்து எழுதுகிறார்.

1986 யூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் எங்கள் ஊர் மீனவர் 31 பேர் கொல்லப்பட்டார்கள். எனக்கு அப்போது பதினாலு வயது. ஒழுங்கைக்கு ஒழுங்கை பிரேதம். அம்மா ஆறுதல் சொல்லத் தெரியாத மனுசி. செத்த வீட்டில் வாய் திறக்காமல் ஒரு மூலையில் இருந்துவிட்டு வருவா. ஆனால் ஐயா மறுபடி தொழிலுக்குப் போகத் தொடங்கிய நாள் முதல், கரைக்கு வந்த மீனில் கறிக்கு ஒரு பங்கு எடுத்துச் சின்னக் கடகத்தில் போட்டு, ஆம்பிளை இல்லாமல் போன ஒரு வீட்டுக்கு என்னை அனுப்புவா. விளைமீனோ ஒட்டியோ, அன்றைக்கு எங்கள் சட்டிக்குப் போவதுதான் அங்கேயும் போகும். விற்க முடியாமல் மிஞ்சினதைக் கொடுத்ததில்லை. அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்லுவா:

“குடுத்திட்டு நில்லாதை, உடன வா. நீ நிண்டா அவை நன்றி சொல்ல வேணும்.”

எத்தனையோ தியானங்களுக்குப் போயிருக்கிறேன். இரக்கத்தைப் பற்றி இதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

1993 நவம்பர் 13ஆம் திகதி யாகப்பர் கோயில் மேலேயே குண்டு விழுந்தது. ஆட்கள் செத்தார்கள். அவர் அன்றைக்குச் சமாரியருக்குக் கேட்ட வான நெருப்பு, அவருடைய வீட்டிலேயே வந்து இறங்கியது. அது எப்படியிருக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இப்போது எங்கள் பகை வேறு மாதிரி. இரவில் விரித்த வலையை அக்கரை இந்திய இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன. அடித்தளத்தைச் சுரண்டும் இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. குருநகரிலும் இழுவைப் படகுகள் உண்டு, அதை ஒளித்துப் பேசுவது சரியல்ல. சிறு தொழிலாளர் எங்களைப் பற்றியும் முறைப்படுகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தவக்காலம். என் தம்பியின் வலை அறுபட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்குப் போனோம். 1974இல் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்த தீவு அது. கோயில் யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்குச் சொந்தம். இரண்டு கரைச் சனமும் ஒரே மணலில் சிலுவைப் பாதை செய்யும். குடியிருப்பும் இல்லை, குடிதண்ணீரும் இல்லை. சிலுவைப் பாதை முடிந்து வியர்த்து வழிய இருந்தபோது, பக்கத்திலிருந்த இராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் தம்பியிடம் தண்ணீர் கேட்டார்.

தம்பி போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: “அண்ணை, உங்கட ஆக்கள்தானே எங்கட வலையை அறுக்கிறது?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நான் கூலிக்குப் போறவன் தம்பி. படகு முதலாளியோடது. இழுக்கச் சொன்னா இழுக்கணும்.”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு தம்பி போத்தலை நீட்டினான். அவர் அண்ணாந்து, வாய் படாமல் குடித்தார்.

திரும்பி வரும்போது வள்ளத்தில் கேட்டேன், “மன்னிச்சிட்டியோ?”

“அதொண்டும் தெரியாது அக்கா. தண்ணி கேட்டான், குடுத்தன்.”

அறுந்த வலைக்கு நட்டஈடு இன்னும் வரவில்லை. சீட்டுக் காசு எடுத்துத்தான் புது வலை வாங்கினான்.