கல்லூரி வாசலில் தொடங்கிய கால்பந்து

கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் கால்பந்து வரலாற்றைச் சொல்லப் புகுந்தால், இந்தியர்கள் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட கதையையே சொல்ல வேண்டியிருக்கும். 1817இல் இந்துக் கல்லூரியாகத் தொடங்கி, 1855இல் பிரசிடென்சி என்று பெயர் மாறிய கல்லூரி இது. அருகிலேயே ஹேர் பள்ளி. இந்தப் பள்ளிப் பையன்கள்தான் முதலில் பந்தைத் தொட்டவர்கள்.

அந்தக் காலத்தில் கால்பந்து வெள்ளைக்காரச் சிப்பாய்களும் வணிகர்களும் ஆடிய ஆட்டம். 1877இல் அம்மாவோடு கங்கையில் நீராடப் போன எட்டு வயது நாகேந்திர பிரசாத் சர்பாதிகாரி, தன் பக்கம் உருண்டு வந்த பந்தை உதைத்துத் திருப்பி அனுப்பினான். பிறகு ஹேர் பள்ளி வகுப்புத் தோழர்களிடம் காசு திரட்டி, கடைக்குப் போய் ஒரு பந்து வாங்கி வந்தான். அது ரக்பி பந்து. அந்தப் பந்தோடு பையன்கள் மல்லுக்கட்டுவதை பிரசிடென்சி கல்லூரி மாடியிலிருந்து பேராசிரியர் ஸ்டாக் பார்த்தாராம். கீழே இறங்கி வந்தவர், சரியான பந்தைத் தந்து ஆட்ட விதிகளையும் சொல்லிக்கொடுத்தார் என்பது வங்காளத்தில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் செய்தி.

நாகேந்திரர் பின்னர் பிரசிடென்சியிலேயே படித்தார். அணிகளை உருவாக்குவதே அவருக்கு வேலையாகிப்போனது. வெலிங்டன் கிளப்பில் குயவர் மகனான மோனி தாஸைச் சேர்த்தபோது மேல்சாதி உறுப்பினர்கள் முறுக்கிக்கொண்டார்கள். நாகேந்திரர் மோனியை விட்டுக்கொடுக்கவில்லை. கிளப்பையே கலைத்துவிட்டு, சோவாபஜார் கிளப்பைத் தொடங்கினார். 1892இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் ஈஸ்ட் சர்ரே படைப்பிரிவை 2–1 என்று வீழ்த்தியது இந்த சோவாபஜார்தான். வெள்ளையர் அணியை இந்திய அணி வென்ற பேச்சு வந்தால் எல்லாரும் மோகன் பகான் கிளப்பின் 1911 வெற்றியைத்தான் சொல்வார்கள். அதற்கு 19 ஆண்டுகள் முந்தைய இந்த வெற்றிக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

மோகன் பகானுக்கும் கல்லூரி உறவு உண்டு. 1889 ஆகஸ்ட் 15இல் தொடங்கப்பட்ட அந்த கிளப் முதன்முதலில் மோதியது, பிரசிடென்சி மாணவர்கள் தங்கியிருந்த ஈடன் இந்து விடுதி அணியோடு. கிளப்பின் பெயரில் அப்போது ‘ஸ்போர்ட்டிங்’ என்ற சொல் இருந்தது. ஆண்டு விழாவுக்கு வந்த பிரசிடென்சி பேராசிரியர் ரோ, இங்கே மீன்பிடிப்பும் வேட்டையும் நடக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் ‘அத்லெட்டிக்’ என்று வைக்கச் சொன்னார். இன்றுவரை அந்தப் பெயர்தான்.

1911 ஜூலை 29, ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டம். எதிரணி ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவு. மோகன் பகானின் 11 பேரில் பத்துப் பேர் வெறுங்கால். பூட்ஸ் போட்டிருந்தவர் கல்லூரி ஆசிரியரான சுதிர் சாட்டர்ஜி மட்டுமே. முதல் கோலை வாங்கிய பிறகு ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றிக் கோலை அடித்த அபிலாஷ் கோஷ், ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர். வங்கம் முழுக்கக் கொண்டாடிய அந்தக் கோல் ஒரு மாணவனின் காலிலிருந்து வந்தது.

சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியதும் ஒரு மாணவர்தான். கொல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாகாலாந்துக்காரர் டி. ஆவ், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அணித்தலைவர். பிரான்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். இரண்டு பெனால்டிகள் வீணாயின. இந்தியா 1–2 என்று தோற்றது.

இன்று பல்கலைக்கழகங்களுக்கிடையிலான அகில இந்தியக் கால்பந்துப் போட்டியில் வெல்லும் அணிக்குத் தரப்படுவது சர் ஆசுதோஷ் முகர்ஜி கேடயம். அவரும் பிரசிடென்சி கல்லூரியின் பழைய மாணவரே.