சாட்டிங்கில் உங்கள் விலாசம் யார் கையில்?

கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள். ஈமெயில் ஆரம்பிப்பது எப்படி? சாட் செய்வது எப்படி? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஜிமெயிலில் இருந்து யாஹூவுக்கு மெயில் அனுப்பலாம். நம் ஊரில் ஒரு சாட் ஆப்பில் இருந்து இன்னொன்றுக்கு மெசேஜ் அனுப்புவது அத்தனை சுலபம் இல்லை.

ஜோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ 2021-ல் வந்தது. 2025 செப்டம்பரில், தினம் 3 ஆயிரமாக இருந்த புதிய கணக்குகள் மூன்றே நாளில் 3.5 லட்சமாக எகிறின என்று ஸ்ரீதர் வேம்பு எழுதினார். மெசேஜிங் சேவைகள் யூபிஐ, ஈமெயில் போல ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றும் அவர் சொன்னார். எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். திருச்சியில் என் தெருவில் பலர் இரண்டு ஆப்களை வைத்துக்கொண்டு, எந்த மாமா எதில் இருக்கிறார் என்று தேடுகிறார்கள்!

இது புது யோசனை அல்ல. 1999-ல் ஜெரமி மில்லர் உருவாக்கிய ‘ஜாபர்’ அப்படித்தான் வேலை செய்தது. கூகுள் டாக் கூட 2006-ல் வெளி சர்வர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. 2013-ல் ஹேங்அவுட்ஸ் வந்ததும் அந்தக் கதவு மூட ஆரம்பித்தது. 2014-ல் தொடங்கிய ‘மேட்ரிக்ஸ்’ இப்போது அதே வழியில் போகிறது.

பெயரும் பின்கோடும்

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் நின்று “ரங்கராஜன்!” என்று கூப்பிட்டுப் பாருங்கள், நாலு பேர் திரும்புவார்கள். அதனால்தான் தபாலில் வீதியும் 620006 என்ற பின்கோடும் எழுதுகிறோம். மேட்ரிக்ஸ் விலாசமும் இப்படித்தான். முதலில் உங்கள் பெயர், பிறகு சர்வரின் பெயர். போன் நம்பரை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

இதன் அருமை என் சித்திக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்தில் அபார்ட்மென்ட் குரூப் ஒன்றில் சேர்ந்த ஒரே வாரத்தில், முன்பின் தெரியாத ஒருவர் இரவு பத்து மணிக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். குரூப்பில் நம்பர் எல்லோர் கண்ணிலும் படுகிறதே! நம்பரை மாற்றலாம் என்றால் பேங்க், கேஸ், ஆதார் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும்.

குறையும் உண்டு. உங்கள் சர்வரை நடத்துபவர் கடையை மூடினால் விலாசமும் போய்விடும். ‘நாஸ்டர்’ என்ற முறையில் சர்வரை நம்ப வேண்டாம், ரகசியச் சாவி ஒன்றுதான் அடையாளம். ஆனால் சாவி தொலைந்தால் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா’ பட்டன் கிடையாது. புதியவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தொல்லை கொடுப்பவரை யார் விரட்டுவது?

மேட்ரிக்ஸ் அறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அட்மினுக்கு 100, மாடரேட்டருக்கு 50, மற்றவர்களுக்கு 0. வேறு மாதிரி மாற்றி வைக்காவிட்டால், 50 இருந்தாலே ஒருவரை வெளியேற்றலாம், அவர் எழுதியதை நீக்கலாம். அந்தத் தடை அறையில் உள்ள எல்லா சர்வர்களுக்கும் போய்ச் சேரும்.

ஆனால் அந்த ஆள் வேறு சர்வரில் புதுப் பெயரோடு வந்தால்? தேவைப்பட்டால் அந்த சர்வரையே அறைக்கு வெளியே நிறுத்தலாம். ஒரு ரவுடிக்காக 620006-க்கு வரும் தபால் முழுவதையும் நிறுத்துவது போலத்தான் இது! அதே சர்வரில் உள்ள நல்லவர்களும் மாட்டிக்கொள்வார்கள். நீக்கு என்பதும் மற்ற சர்வர்களுக்கு அனுப்பும் வேண்டுகோள்தான். கேட்காத சர்வரில் நகல் இருக்கலாம். புகார் கொடுக்க ஒரே தலைமை அலுவலகம் என்று எதுவும் இல்லை.

அரசுக்கும் இதே தலைவலிதான். 2023 மே மாதம் மத்திய அரசு 14 மெசேஜிங் ஆப்களை முடக்கியது. ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துவதாகக் காரணம் சொல்லப்பட்டது. அதில் மேட்ரிக்ஸில் பேச உதவும் ‘எலிமென்ட்’ ஆப்பும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், பிரான்ஸ் அரசு ஊழியர்களின் ‘சாப்’ ஆப் அதே மேட்ரிக்ஸில்தான் ஓடுகிறது.

திறந்த முறை நம் ஆப்களுக்கு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றே வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி, பிறகு குரூப்ஸ் பகுதிக்குப் போய் ‘மை கான்டாக்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு, உங்கள் கான்டாக்ட்ஸில் இல்லாதவர் உங்களைக் கேட்காமல் எந்தக் குரூப்பிலும் சேர்க்க முடியாது.