ஒரே உலகில் எத்தனை பேர்?

2020 ஏப்ரலில் ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட்டின் கச்சேரி நடந்தது. முதல் காட்சியை மட்டும் ஒரே நேரத்தில் 1 கோடியே 23 லட்சம் பேர் பார்த்ததாக அந்த விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம் அறிவித்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்திருந்தால் சில பத்துப் பேர்தான் கண்ணில் பட்டிருப்பார்கள். அதே கச்சேரியைக் கணக்கற்ற பிரதிகளாகச் சர்வர்கள் தனித்தனியே ஓட்டிக்கொண்டிருந்தன. ஒரே முகூர்த்தத்தில் ஊரெல்லாம் ஆயிரம் கல்யாணம் நடந்தாலும் அதை ஒரே கல்யாணம் என்று யாரும் சொல்வதில்லையே.

பெருந்திரளாக ஆடும் ஆன்லைன் கேம், சுருக்கமாக எம்எம்ஓ, எது என்ற நெடுநாள் வழக்கின் மையம் இதுதான். லாகின் செய்தவர்களின் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் செஸ் தளங்களையும் அதில் சேர்க்க வேண்டும். அங்கே லட்சக்கணக்கானோர் ஆடுகிறார்கள், ஆனால் பலகைக்கு இருவர்தான். பப்ஜியில் 100 பேர் ஒரே தீவில் குதிக்கிறார்கள். அரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும், அந்தத் தீவில் நடந்த எதுவும் அடுத்த ஆட்டத்துக்கு மிஞ்சாது.

நான் கேட்கும் கேள்வி வேறு. முன்பின் தெரியாத ஒருவர், நான் தூங்கும் நேரத்தில் செய்யும் காரியம், நாளை நான் நுழையப்போகும் உலகை மாற்றிவைக்குமா? மாற்றும் என்றால் அது எம்எம்ஓ.

அப்படியொரு உலகைக் கட்டுவது லேசில்லை. ஓரிடத்தில் 10 பேர் நின்றால், ஒவ்வொருவரின் அசைவையும் மற்ற 9 பேருக்குச் சர்வர் சொல்ல வேண்டும்: 90 செய்திகள். 100 பேர் என்றால் 9,900. 1,000 பேர் என்றால் 9,99,000. ஆள் பத்து மடங்கானால் வேலை நூறு மடங்குக்கும் மேலாகிறது. அருகில் இருப்பவரின் அசைவை மட்டும் அனுப்பினால் சுமை குறையும். உலகையே பல பிரதிகளாக்கி ஆட்களைப் பிரித்து விட்டாலும் குறையும். ஆனால் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் போவோம் என்று கிளம்பிவிட்டால்?

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் வெளியிட்ட ஈவ் ஆன்லைனில் அதுதான் நடக்கும். சீனா நீங்கலாக, உலகெங்கும் இருந்து ஆடுபவர்களுக்கு அங்கே ஒரே பிரபஞ்சம். பெரும்போர் மூண்டால் சர்வர் திணறும். யார் கட்டளை எப்போது நிறைவேறும் என்பதே தெரியாமல் போகும். இதற்குச் சிசிபி கண்ட வழியை நினைத்து இன்றும் வியக்கிறேன்: அவர்கள் காலத்தையே மெதுவாக்கினார்கள். நெரிசல் கூடக் கூட, அந்த இடத்தில் ஆட்டத்தின் கடிகாரம் வேகம் குறையும், பத்தில் ஒரு பங்கு வரைக்கும். 10 விநாடியில் சுட வேண்டிய பீரங்கி 100 விநாடி எடுத்துக்கொள்ளும். எதிரிக்கும் அதே கதிதான் என்பதால் அநியாயம் இல்லை.

2014 ஜனவரி 27 அன்று இந்த ஏற்பாட்டுக்குக் கடும் சோதனை வந்தது. ஒரு கூட்டணி, தன் வசமிருந்த நட்சத்திர மண்டலம் ஒன்றுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் கட்டப்படாமல் போய்விட்டது. உரிமை பறிபோனது. எதிரிகள் உடனே உள்ளே புகுந்தார்கள். சுமார் 21 மணி நேரம் நீடித்த அந்தச் சண்டையில் 7,500-க்கும் மேற்பட்டோர் பங்கெடுத்தார்கள். உச்சத்தில் 2,670 பேர் ஒரே மண்டலத்தில் இருந்தார்கள். ஒருவர் காலையில் சண்டை தொடங்கியதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அதே போர் ஊர்ந்துகொண்டிருக்கும். பலர் சேர்ந்து மாதக்கணக்கில் கட்டும் டைட்டன் என்ற ராட்சதக் கப்பல்களில் 75 அழிந்தன. மொத்த இழப்பு நிஜப் பணத்தில் 3 லட்சம் டாலர் பெறும் என்று கணக்கிட்டார்கள். போன கப்பல் போனதுதான். அடுத்த நாள் யார் நுழைந்தாலும், அவர்கள் எதிரே இருந்தது அந்தப் போருக்குப் பிந்தைய பிரபஞ்சம்.

இதனால், பல பிரதிகளாகப் பிரிந்தாலே எம்எம்ஓ இல்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் பல சர்வர்களாகப் பிரிந்ததுதான். 2005 செப்டம்பரில் அதில் ஹக்கார் என்ற அசுரனின் இருப்பிடத்தில் ஒரு தொற்றுநோய் விடப்பட்டது. அங்கேயே முடிந்துபோக வேண்டிய நோய் அது. ஆனால் ஆட்டக்காரர்களின் வளர்ப்பு மிருகங்கள் அதை வெளியே சுமந்துவந்தன. நகரத்துக் கடைக்காரப் பாத்திரங்கள் தாங்கள் சாகாமலே மற்றவர்களுக்குப் பரப்பின. அந்தப் பக்கமே போகாத புதியவர்கள் கடைவீதியில் விநாடிகளில் விழுந்து செத்தார்கள். சிலர் வைத்தியம் பார்க்க ஓடிவந்தார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். தனிமைப்படுத்தும் முயற்சி பலிக்கவில்லை. சர்வர்களை மீட்டமைத்துத்தான் அடக்க முடிந்தது. 2007-இல் எரிக் லாஃப்கிரனும் நீனா ஃபெஃபர்மனும் இதைத் தொற்றுநோயியல் பாடமாக லான்செட் குழும இதழில் எழுதினார்கள். சந்தித்தே இராத ஒருவரின் செயல் நம்மை வந்து சேர்வதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

என் கேள்வி விளையாட்டின் எல்லைக்கு வெளியே இருப்பவற்றையும் எம்எம்ஓ என்ற வட்டத்துக்குள் இழுத்துவருகிறது என்பது உண்மைதான். 2017 ஏப்ரலில் ரெடிட் தளம் ‘பிளேஸ்’ என்று ஒரு வெற்றுத் திரையை வைத்தது. அகலத்தில் 1,000 புள்ளி, உயரத்தில் 1,000 புள்ளி, 16 நிறங்கள். ஒருவர் ஒரு புள்ளி வைத்தால் அடுத்ததற்குச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். 72 மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். கொடிகளை வரைந்தார்கள், எல்லை மோதலில் இறங்கினார்கள், உடன்படிக்கை செய்துகொண்டார்கள், இரவில் அழிக்க வருபவர்களைத் தடுக்கக் காவல் நின்றார்கள். மதிப்பெண் பட்டியலும் இல்லை, வெற்றியாளரும் இல்லை. எம்எம்ஓ பட்டியலில் அதற்கு இடமில்லை என்பார்கள். நான் அதை ஈவ் ஆன்லைனுக்குப் பக்கத்தில்தான் வைப்பேன்.