யார் கொடுத்த இலவசம்?

2024 ஜனவரி 1ஆம் தேதி மலாய்த் திரையிசைக் கலைஞர் பி. ரம்லியின் மெட்டுகள் மலேசியாவில் பொதுச்சொத்தாகிவிட்டன. ஒரு படைப்பாளி இறந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்தால் அவருடைய இசையின் மீதான உரிமை முடிந்துவிடும் என்பது 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். 1929இல் ஜார்ஜ்டவுனில் பிறந்த ரம்லி, 1973 மே 29 அன்று கோலாலம்பூரில் காலமானார். 2023 டிசம்பரோடு கணக்கு தீர்ந்தது. அவர் தனியாக அமைத்த ஒரு மெட்டை இன்று பினாங்கு இளைஞர் ஒருவர் மடிக்கணினியில் புதிதாக வாசித்து, அடியில் பேஸையும் பீட்டையும் போட்டு, எலக்ட்ரானிக் பாடலாக இணையத்தில் இலவசமாகப் பகிரலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாட்டு வரி வேறொருவர் எழுதியதாக இருந்தால் மட்டும் அவருடைய உரிமையைத் தனியே பார்க்க வேண்டும்.

எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஒரு பெரிய கலைஞரின் சொத்து, காலம் கனிந்து ஊருக்கு வந்து சேர்கிறது. ஆனால் அந்தக் கலைஞர் கடைசிக் காலத்தில் கையில் காசில்லாமல் போனார் என்பது மலேசியாவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஐம்பது ஆண்டு கழித்து ஊருக்கு இலவசமாகக் கிடைத்தது, அவர் உயிரோடிருந்தபோது அவருக்குச் சோறு போட்டிருக்க வேண்டும். இலவச இசையைப் பற்றி யார் பேசினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதனால்தான்: அதை இலவசமாக்கியது யார்? இசைத்தவரா, நாமா?

இசைத்தவரே கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஆள் ஒருவரே நல்ல சாட்சி. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, லண்டனுக்கு அகதியாகத் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடத் தொடங்கியபோது அவர் கையில் இருந்த முக்கியக் கருவி இரவல் வாங்கிய ரோலண்ட் எம்சி-505. 2003இல் வந்த 'கலாங்' பாடலின் இசைத்தட்டு முதலில் அச்சானது வெறும் 500 பிரதி. அந்தப் பாடலை உலகம் கேட்டது இணையத்தில் கோப்புகளாகக் கைமாறியதால். 2004 இறுதியில் டிஜே டிப்லோவுடன் சேர்ந்து ஒரு மிக்ஸ்டேப் செய்தார். அது கடையில் விற்பனைக்கு வரவில்லை. கைக்குக் கை போனது. அடுத்த ஆண்டு தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாக வைத்து 'அருளர்' ஆல்பம் வந்தபோது அதைக் காசு கொடுத்து வாங்க ஆட்கள் காத்திருந்தார்கள்.

2010 டிசம்பர் 31 அன்று அதையே இன்னும் தெளிவாகச் செய்தார். 'விக்கி லீக்ஸ்' என்று பெயரிட்ட மிக்ஸ்டேப்பை யார் வேண்டுமானாலும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்தார். அதற்குள் சிறு துண்டாக இருந்த 'பேட் கேர்ள்ஸ்', 2012 தொடக்கத்தில் முழுப்பாடலாக விற்பனைக்கு வந்து, அவருடைய பெயர்பெற்ற பாடல்களில் ஒன்றானது. எதை, எவ்வளவு, எப்போது இலவசமாகக் கொடுப்பது என்ற முடிவு அவர் கையில் இருந்தது. கோப்பு எங்கே போனாலும் அவர் பெயரும் கூடவே போனது.

எலக்ட்ரானிக் இசையில் இது அவர் தொடங்கிய வழக்கம் அல்ல. வீட்டுக் கணினியில் டிராக்கர் என்ற மென்பொருளை வைத்து இசையமைத்த இளைஞர்கள், இணையம் பரவலாவதற்கு முன்பே ஃப்ளாப்பி வட்டுகளிலும் தொலைபேசி இணைப்பிலும் பாடல்களைப் பகிர்ந்தார்கள். அந்த வட்டத்திலிருந்து 1996இல் மோனோடோனிக் போன்ற வெளியீட்டகங்கள் பிறந்தன. கடை இல்லை, இசைத்தட்டு இல்லை, விலையும் இல்லை; ஆனால் அட்டைப்படம் உண்டு, வரிசை எண் உண்டு, கலைஞரின் பெயர் உண்டு. நெட்லேபிள் என்று அவற்றைச் சொல்வார்கள். 2002 டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்தபின், 'கேளுங்கள், பகிருங்கள், என் பெயரைப் போடுங்கள், வைத்து வியாபாரம் செய்யாதீர்கள்' என்று கலைஞரே சட்ட மொழியில் எழுதிவைக்க முடிந்தது. ஆயிரக்கணக்கான நெட்லேபிள் வெளியீடுகள் இன்றும் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடக்கின்றன. ஓர் இரவு முழுக்க அதில் மூழ்கி, பெயரே கேள்விப்படாத ஊர்க்காரர் ஒருவரின் பாடலில் போய் நிற்பது போன்ற சுகம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. பினாங்கில் ஒலித்தகட்டுக் கடைகள் ஒவ்வொன்றாக மூடியபின், பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத இசையைக் கண்டுபிடிக்க இதுதான் வழியாக இருந்தது. இலவசப் பகிர்வே திருட்டு என்று பேசுபவர்களோடு நான் உடன்படாததற்கும் இதுதான் காரணம்.

ஆனால் நம்மிடம் இன்னொரு பழக்கமும் உண்டு; அது இதைவிடப் பழையது. எண்பதுகளில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. பிடித்த பாடல்களைப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் ஒரு காலி கேசட்டில் வரிசையாகப் பதிந்து தருவார்கள். கேசட்டுக்குக் காசு, பதிந்தவருக்குக் கூலி, இசையமைத்தவருக்கு ஒன்றுமில்லை. பிறகு விசிடி வந்தது, எம்பி3 நிரப்பிய தகடு வந்தது, பென்டிரைவ் வந்தது. லெபோ பாசாரில் லிட்டில் இந்தியா கடைகளின் ஒலிபெருக்கியில் வழிகிற பாட்டைக் கேட்டபடி நடப்பது பினாங்குத் தமிழர் ஒவ்வொருவருக்கும் பிடித்த விஷயம். அந்தப் பாட்டைச் செய்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது என்று நாம் கேட்டுப் பழகவே இல்லை. பாட்டை நாம் படத்தின் பேரால் அறிகிறோம், நடிகரின் முகத்தால் அறிகிறோம். சினிமா இசையமைப்பாளருக்காவது படத் தயாரிப்பாளர் சம்பளம் கொடுத்துவிடுகிறார். படமே இல்லாமல், அறையில் தனியே உட்கார்ந்து எலக்ட்ரானிக் இசை செய்யும் உள்ளூர்க் கலைஞருக்கு அந்தச் சம்பளமும் கிடையாது. கல்யாண மண்டபங்களில் டிஜேவுக்கு அன்றிரவே கூலி கிடைத்துவிடும். அவர் போடும் பாட்டைச் செய்தவருக்கு அது தெரியவே வராது.

சரி, இப்போது யாரும் பென்டிரைவ் கொண்டுவருவதில்லை, எல்லாரும் சட்டப்படி ஸ்ட்ரீமிங்கில்தானே கேட்கிறோம் என்பார்கள். ஸ்பாட்டிஃபை மலேசியாவுக்கு 2013இல் வந்தது. பலர் விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்கிறார்கள், சிலர் மாதச் சந்தா கட்டுகிறார்கள். வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களுக்குப் போகிறது. ஆனால் அது மொத்தமாகக் குவிக்கப்பட்டு, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு விகிதம் என்று பிரிக்கப்படுகிறது. நீங்கள் மாதம் முழுக்க பினாங்குக் கலைஞர் ஒருவரை மட்டுமே கேட்டிருந்தாலும் உங்கள் சந்தாவின் பெரும்பகுதி உலகப் பெரும் நட்சத்திரங்களைத்தான் சேரும். ஒரு முறை கேட்டால் ஒரு அமெரிக்க சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு தேறும் என்பது கலைஞர்கள் போடும் தோராயக் கணக்கு. 2024 முதல் இன்னொரு விதியும் சேர்ந்தது: பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாத பாடலுக்கு எதுவுமே கிடையாது. முந்நூறு பேர் உயிராக நேசிக்கும் ஒரு பாடல் இந்தக் கணக்கில் பூஜ்ஜியம் ஆகலாம். எலக்ட்ரானிக் இசையில் நல்லது பலவும் அந்த முந்நூறு பேருக்காகச் செய்யப்படுவதுதான். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்.

கோடிக்கணக்கில் கேட்டாலும் காசு வந்துவிடும் என்று உறுதியில்லை. தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன் மூவரும் சேர்ந்து 2021 மார்ச்சில் வெளியிட்ட 'என்ஜாய் எஞ்சாமி' யூடியூபில் 40 கோடிக்கும் மேல் பார்க்கப்பட்ட பாடல். பினாங்கில் அதற்கு ஆடாத தமிழ்க் கல்யாணமே அப்போது இல்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் பிடித்துச் செல்லப்பட்ட முன்னோரின் வலி அதில் இருந்ததால் பால்மரத் தோட்டத்தில் வேர் உள்ள நம் குடும்பங்களுக்கு அது சொந்தப் பாட்டானது. மூன்று ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், தங்கள் மூவருக்கும் அந்தப் பாடலிலிருந்து ஒரு காசுகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் காணொளியில் சொன்னார். வெளியிட்ட மாஜா நிறுவனம் அதை ஏற்கவில்லை. யார் கணக்கு சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. கேட்ட நாம் எல்லாரும் இலவசமாகத்தான் கேட்டோம். அந்த இலவசத்தை நமக்குக் கொடுத்தது அந்த மூவரா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

இசைக்கு வெளியே, இந்த ஊரிலேயே, இதைக் கண்ணால் பார்க்கும்படி ஒரு கதை இருக்கிறது. 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காக எர்னஸ்ட் ஜகாரெவிச் என்ற லித்துவேனியக் கலைஞர் ஆர்மேனியன் தெருச் சுவரில் சைக்கிள் ஓட்டும் இரு குழந்தைகளை வரைந்தார். தெருவில் வரைந்தது, பார்க்கக் கட்டணமில்லை. அதைப் பார்க்க வந்த கூட்டத்தால் அந்தத் தெருவே மாறியது. கூடவே அந்தப் படம் பதித்த சட்டை, காந்த வில்லை, சாவிக்கொத்து என்று கடைகள் நிறைந்தன. ஊருக்குக் கொடுத்ததை ஊர் கண்குளிரப் பார்ப்பது அவர் விரும்பியது. விமானத்தின் மீது அந்தப் படம் ஏறியபோது அவர் பொறுக்கவில்லை. ஏர்ஏசியா தன் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகச் சொல்லி 2025இல் வழக்குத் தொடுத்தார். வழக்கின் முடிவு எதுவானாலும், பார்ப்பதற்குத் தந்ததும் விற்பதற்குத் தந்ததும் வேறு வேறு என்று அவர் சொல்வதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இதே வேறுபாடு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் திறந்திருக்கும் காபிக்கடைகளுக்கும் பொருந்தும். காலையிலிருந்து இரவு வரை அங்கே மென்மையான எலக்ட்ரானிக் இசை ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் அது ஒருவரின் சொந்த ஸ்ட்ரீமிங் கணக்கு. அதைக் கடையில் போட அந்த நிறுவனத்தின் விதியே இடம் தருவதில்லை. வணிகத்துக்குக் கூடாது என்று எழுதிவைத்த கிரியேட்டிவ் காமன்ஸ் பாடலும் அப்படித்தான்: வீட்டில் கேட்க இலவசம், கடைக்கு அல்ல. பொது இடத்தில் பாட்டுப் போடுவதற்கு உரிமம் தர மலேசியாவில் எம்ஏசிபி 1989இலிருந்தும், பிபிஎம் அதற்கு ஓராண்டு முன்பிருந்தும் இருக்கின்றன. ஆனால் பதிவு செய்யாத சிறு கலைஞருக்கு அந்தப் பணமும் போய்ச் சேராது. எந்த நிறுவனத்தையும் சாராமல் இசை செய்பவர்கள் தங்கள் பாடல்களைப் பதிவு செய்துகொள்வது அலுப்பான வேலைதான். ஆனாலும் செய்யுங்கள் என்று இங்குள்ள இளைஞர்களைக் கெஞ்சிக் கேட்பேன். காபிக்கொட்டைக்குப் பணம் கொடுக்கிற கடைக்காரர், வாடிக்கையாளரை இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிற இசைக்கும் கொடுக்கலாம்.

கேட்பவர்களுக்கு வழி இதைவிட எளிது. 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளத்தில் கலைஞரே விலை வைக்கிறார். பூஜ்ஜியம் என்றும் வைக்கலாம், விரும்பியதைக் கொடுங்கள் என்றும் விடலாம். முழுப்பாடலையும் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். தளம் எடுத்துக்கொள்வது 15 விழுக்காடு. பணம் அனுப்பும் கட்டணம் தனி. பெருந்தொற்று தொடங்கிய 2020 மார்ச் 20 அன்று அந்தப் பங்கையும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். அந்த ஒரே நாளில் ரசிகர்கள் 43 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். அதன்பின் அந்தத் தளமும் 2022இல் ஒருவர் கைக்கும், 2023இல் இன்னொருவர் கைக்கும் மாறி, ஊழியர்களில் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். ஆகவே அதையும் நான் கோயிலாகக் கும்பிடவில்லை. ஆனால் 20 வெள்ளிக்கு ஓர் ஆல்பத்தை அங்கே வாங்கினால் 15 வெள்ளிக்கு மேல் அதைச் செய்தவர் கையில் சேரும். அதே தொகை ஸ்ட்ரீமிங்கில் வர, நீங்கள் அந்தக் கலைஞரை ஆயிரம் தடவைக்கு மேல் கேட்க வேண்டியிருக்கும்.

மாதம் ஒரு ஆல்பம். இரண்டு பேருக்கு நாசி கண்டார் சாப்பிடும் காசு. இலவசமாக நூறு பாடல் கேளுங்கள், பகிருங்கள், தெரியாத பெயர்களைத் தேடிப் போங்கள். அதில் ஒருவர் உங்களை இரண்டாவது முறை கேட்க வைத்தால் அவருடைய பக்கத்துக்குப் போய் வாங்குங்கள். நண்பருக்குப் பாட்டை அனுப்பும்போது வெட்டிய துண்டை அனுப்பாமல் அவருடைய இணைப்பையே அனுப்புங்கள். கல்யாணக் காணொளிக்கு உள்ளூர் இளைஞர் ஒருவரின் இசையை எடுத்தால் முதலில் அவரிடம் விலை கேளுங்கள். அவர் "சும்மா எடுத்துக்கோங்க அண்ணே" என்றாலும் விலை கேளுங்கள்.